ஆற்றங்கரைக்கு வந்த கைப்பிடி அரிசி

வேன் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஓர் அரிசிப் பை. அதற்குப் பின்னால்தான் ரூபி அக்கா இறங்கினார்.

நான் ஆற்றில் பாத்திரம் கழுவி முடித்து ஈரக் கையோடு கரையேறி நின்றிருந்தேன். கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில், ஒரு மருத மரத்தடியில் எங்கள் வண்டி நின்றிருந்த நாள்கள் அவை. சாரல் ஓய்ந்து வெயில் வந்திருந்தது. கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளைச் சேலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கள் சபைப் பெண்கள் சங்கம்! பாளையங்கோட்டையில் இருக்க வேண்டியவர்களுக்கு இந்த மரத்தடியில் என்ன வேலை?

“ஏட்டி எஸ்தரு! இங்கனதான் கெடக்கியா? எத்தன பேருட்ட வழி கேட்டு வந்துருக்கோம் தெரியுமா?”

ரூபி அக்காதான் சங்கத்தின் செயலாளர். மெதுவாகப் பேசத் தெரியாது. ஜெபத்தில்கூட ஆண்டவர் அடுத்த தெருவில் இருப்பதுபோலத்தான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி. எங்கள் சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. யாரையும் நோகடிக்கத் தெரியாத பெண்.

என் கணவர் ஜெபராஜ் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். சேலைக் கரைகளைப் பார்த்த அவசரத்தில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். இடுப்பில் கைலி, நெஞ்செல்லாம் கிரீஸ். “வாங்கக்கா, வாங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே துண்டைத் தேடினார்.

நான் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். கடைசி இருக்கையில், ஜன்னலோரம், ஒருவர் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. முகம் ஆற்றின் பக்கம் திரும்பியிருந்தது.

என் அம்மா.

வாழைத்தார் வாசனை

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நிரந்தர வேலை. பாளையங்கோட்டையில் அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அம்மாவும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலை உத்தரவு வந்த அன்று தெரு முழுக்க அல்வா கொடுத்தாள்.

அந்த வேலையைத்தான் விட்டேன். காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல காரணம் கிடையாது. சண்டை இல்லை, நோய் இல்லை, பிள்ளைகள்மேல் வெறுப்பும் இல்லை. ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பாபநாசம் பஸ் போவதைப் பார்த்தேன். இந்த ஆறு மலையிலிருந்து இறங்கும் இடம் தொடங்கி கடலில் சேரும் இடம் வரைக்கும், அங்கங்கே மாதக்கணக்கில் தங்கித் தங்கிப் போனால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான்.

ஜெபராஜிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் “ரசம் இருக்கா?” என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து, “பழைய குட்டியானை ஒண்ணு விலைக்கு வருது, பாப்பமா?” என்றார். எங்கள் வீட்டில் நடந்த மொத்த விவாதமும் இதுதான். அவரும் தன் கிளார்க் வேலையை விட்டுவிட்டார்.

அந்தக் குட்டியானை அதுவரை வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த சின்னச் சரக்கு வண்டி. பேட்டையில் ஒரு பட்டறையில் மேலே கூடு கட்டி, பலகை அடித்து, மடக்குக் கட்டில் வைத்தோம். எத்தனை முறை கழுவினாலும் மழை பெய்தால் இன்றைக்கும் பழ வாசனை வரும். அதற்கு நான் இப்போது பழகிவிட்டேன். வாசனை வராவிட்டால்தான் வேறு யார் வீட்டிலோ தூங்குகிற மாதிரி இருக்கிறது.

பாளையங்கோட்டை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். என்னிடம் ஒரு கைத் தையல் இயந்திரம். போகிற ஊரில் சேலைக்கு ஃபால்ஸ் தைப்பேன். அவர் மிக்ஸி, மின்விசிறி, பம்பு செட்டு எது கிடைத்தாலும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் யோசிப்பார். கூலி சில இடத்தில் பணமாக வரும், சில இடத்தில் முருங்கைக்காயாக வரும். ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் ‘இதை எங்கே வைப்பது?’ என்று கேட்டுக்கொள்வோம். முக்கால்வாசி ஆசை அந்தக் கேள்வியிலேயே செத்துப்போகும்.

சுகமாகவே இருந்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். அணை திறந்த அன்று தண்ணீர் சக்கரம் வரை ஏறி, நாங்கள் சட்டியும் கையுமாக மேட்டுக்கு ஓடியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். ஆனால் பயந்து ஓடிய அன்றுகூட, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மணியடிக்கக் காத்திருந்த பழைய நாள்களை நினைத்து நான் ஏங்கவில்லை.

ஊர் என்னைக் கோட்டிக்காரி, பைத்தியம் என்றது. அதற்கு நான் அழவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதற்குத்தான் அழுதேன். ஊருக்குப் போனால் சோறு போடுவாள். வண்டியைப் பற்றி வாயெடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஒரு தடவைகூட எங்கள் வண்டியை வந்து பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகக்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள்தான் அன்று வேனில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

யாருக்குப் போகிற அரிசி

எங்கள் சபை வீடுகளில் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கு. மாதம் முடிய சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் டப்பாவைக் கவிழ்த்து ஒரே சாக்கில் சேர்ப்பார்கள். பிறகு அது இல்லாதப்பட்ட வீட்டுக்குப் போகும். கைம்பெண் வீடு, படுக்கையில் கிடப்பவர் வீடு, அப்படி.

சின்ன வயதில் அந்தக் கைப்பிடியை அள்ளுவது என் வேலை. என் கை சின்னது என்று அம்மா தன் கையால் இன்னொரு பிடி போடுவாள்.

அந்த அரிசிதான் இப்போது என் காலடியில் பையாக நின்றது.

“வச்சுக்கிடுங்க எஸ்தரு” என்றார் ஐயரம்மா, கூச்சத்தோடு. “கொஞ்சந்தான். தப்பா நினைக்காதீங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “எங்களுக்கு எதுக்கும்மா இது?”

ரூபி அக்கா என் தோளில் கை போட்டார். “ஏட்டி, எங்ககிட்ட என்ன மறைப்பு? ஒங்கம்மை எல்லாம் சொல்லியாச்சு. ஜெபராஜு தொழில் தொடங்கி நொடிச்சுப்போயிட்டாராம்லா. வீட்டுல குடியிருக்க வழியில்லாமத்தான் வண்டியில கெடக்கியளாம்லா. ஞாயித்துக்கிழம தோறும் ஒங்க குடும்பத்துப் பேரச் சொல்லி கோயில்ல ஜெபிக்கோம். நான் வெள்ளிக்கிழம தோறும் ஒனக்காக உபவாசம் இருக்கேன், கேட்டியா? இன்னைக்கு மணிமுத்தாறு அருவிக்குக் கிளம்புனோம். போற வழியில ஒங்களப் பாத்துட்டுப் போவமேன்னு வந்தோம்.”

ஊழியமும் ஆச்சு, உல்லாசமும் ஆச்சு!

“நான் எப்பக்கா தொழில்...” என்று ஜெபராஜ் ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஏன் மிதித்தேன் என்றால், அந்த நேரம் பார்த்து வேன் ஜன்னலில் அம்மாவின் முகம் திரும்பியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேலையை விட்ட நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். ‘சொல்லிவிடாதே’ என்று அந்த முகம் கெஞ்சியது. என் அம்மா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

எல்லாம் விளங்கியது. மகள் தானாக வேலையை விட்டாள் என்று சொன்னால் ஊர் ஏன், ஏன் என்று கேட்கும். நொடித்துப்போனாள் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பாவம் என்று மட்டும் சொல்வார்கள். என் அம்மா அந்தப் பாவத்தின் பின்னால் போய் ஒளிந்திருக்கிறாள். அவள் நினைத்துப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். பாவம் என்று சொன்ன வாயோடு சபை சும்மா இருக்காது, அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

எழுந்து நின்றவள்

இந்த இடத்தில் சித்தி சொன்ன ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவின் தங்கை ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள். “ஒங்கம்மை லேசுப்பட்டவன்னு நினைச்சியா? கல்யாணத்துக்கு முந்தி ஒரு கன்வென்ஷன் கூட்டத்துல, வடநாட்டுக்குப் போய் மிஷனரி ஊழியம் செய்ய ஒப்புக்கொடுக்கவங்க எழுந்து நில்லுங்கன்னு பிரசங்கியார் சொன்னாரு. இவ எழுந்து நின்னுட்டா. அம்புட்டுக் கூட்டத்துல, பொம்பளப் பிள்ளை, தனியா! எங்கப்பா பக்கத்துல இருந்து சேலையப் பிடிச்சு இழுத்து ஒக்கார வச்சாரு. வீட்டுக்கு வந்து செருப்பக்கூடக் கழட்டல, அப்படியே மாப்பிள்ளை பாக்கக் கிளம்பிட்டாரு.”

நான் சிரித்தேன். அடுக்களைக்குள்ளிருந்து அம்மா, “சவத்த விடு, பழைய கதை” என்றாள். குரலில் சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை.

மரத்தடியில் நின்றபோது அந்தக் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலில் தெரிந்த முகத்தை என்னால் காட்டிக்கொடுக்க முடியவில்லை.

என்ன செய்ய?

அரிசியை வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் அம்மா தப்பிப்பாள். ஆனால் அது இல்லாதவர்களின் அரிசி. எங்களுக்குப் போய்ச் சேர வீடு இருந்தது. வேண்டும் என்றால் அடுத்த மாதமே கதவைத் திறந்து உள்ளே போய்விடலாம். சிக்கனமாக இருப்பதும் இல்லாமல் இருப்பதும் பக்கத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரே பழைய சேலை, ஒரே கஞ்சி. உள்ளேயிருந்து பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான தூரம். இல்லாதவனுக்குத் திரும்பிப் போக வாசல் கிடையாது. அந்தப் பையைத் தொட எனக்குக் கை கூசியது.

திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். டீச்சர் என்று சபை மொத்தமும் எழுந்து வணக்கம் சொல்லும் மனுஷி, எல்லாருக்கும் முன்னால் பொய்க்காரியாக நிற்பாள். இந்த வயதில் அவளுக்கு அந்தச் சபையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

பிறகு வாய் தானாகப் பேசியது.

“ஐயரம்மா, அரிசியை இப்பவே பொங்கிருவோம். அசனம் மாதிரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். பெறவு அருவிக்குப் போங்க.”

அசனம் எங்கள் சபைகளில் வருடத்துக்கு ஒருநாள் வரும். எல்லா வீட்டிலிருந்தும் அரிசியும் காயும் ஆடும் வந்து சேரும். ஒரே அடுப்பில் வேகும். காரில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். அந்தச் சோற்றில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அன்று தெரிந்த ஒரே சந்து அதுதான்.

“நாங்க கட்டுச்சோறு கொண்டாந்துருக்கோம்லா?” என்றார் ரூபி அக்கா.

“அது அருவியில வச்சு. இது ஆத்துல வச்சு.”

“அப்ப சரி” என்றார். சாப்பாட்டு விஷயத்தில் ரூபி அக்காவை ஒத்துக்கொள்ள வைப்பது சுலபம்.

ஜெபராஜ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோர டீக்கடை அண்ணாச்சியிடம் ஒரு பெரிய போணிப் பாத்திரத்தை வாங்கி வந்தார். மூன்று கல் கூட்டினோம். அரிசியை முறத்தில் கொட்டியபோது சங்கமே குனிந்து பார்த்துச் சிரித்தது. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, யாரோ சர்க்கரைக்காரர் வீட்டுக் கைக்குத்தல், எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. கைப்பிடி அரிசியைச் சோறாக வடிக்கவே முடியாது. ஒன்று குழையும்போது இன்னொன்று கல்லாக இருக்கும். அதனால் வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக் கழுவி, வெந்தயமும் பூண்டும் தட்டிப்போட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியாகக் காய்ச்சினேன். கஞ்சி என்றால் எல்லா அரிசியும் ஒத்துப்போகும். தேங்காய்த் துவையலை ஐயரம்மா அரைத்தார்.

புகை ஜன்னல் பக்கம் போனதால் அம்மா இறங்க வேண்டியதாயிற்று. இறங்கி, யாருக்கும் பக்கத்தில் நிற்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கஞ்சி இறக்கியாயிற்று. கட்டுச்சோற்றுத் தூக்குகளின் மூடிகள்தான் தட்டு. ஐயரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குச் சொல்வதாக நினைத்து அதைச் சொன்னார்.

“டீச்சர், நீங்கதான் மூத்தவங்க. நீங்க ஜெபம் பண்ணுங்க.”

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

ஜெபத்தில் பொய் வராது

அம்மாவின் ஜெபம் எப்போதும் ஒரே வரிசையில் போகும். முதலில் நல்ல நாளுக்கு நன்றி. பிறகு மழை. பிறகு நாட்டை ஆளுகிறவர்கள். அதற்குப் பிறகு வியாதியஸ்தர், கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்கள், கடைசியில் சாப்பாடு. சின்ன வயதில் அந்த வரிசையை வைத்துத்தான் சோறு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவேன்.

முக்காடு போட்டுக்கொண்டாள். எல்லாரும் கண்ணை மூடினோம்.

“அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம்...” மழை வந்தது. ஆளுகிறவர்கள் வந்தார்கள். வியாதியஸ்தர்கள் ஒவ்வொருவராகப் பெயரோடு வந்தார்கள். “கஷ்டத்துல இருக்கிற குடும்பங்களுக்காக...” என்றாள்.

நின்றுவிட்டது.

“ஆண்டவரே” என்றாள் மறுபடி. இந்தத் தடவை அது கோயில் குரல் இல்லை, அடுக்களைக் குரல். “எம்மகளுக்குக் கஷ்டம்னு நான் சொன்னேன். அவளுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது. மாப்பிள்ளை தொழிலும் செய்யல, நொடிக்கவும் இல்ல. இவளாத்தான் போனா. ஏன் போனான்னு கேக்கவங்களுக்குச் சொல்ல எனக்கு நா எழும்பல. நொடிச்சுட்டாவன்னு சொன்னேன். எல்லாரும் பாவம்னாவ. எனக்கு அது லேசா இருந்துச்சு.”

யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

“நான் ஒமக்கு முன்னால எழுந்து நின்னுட்டு ஒக்காந்தவ. ஒமக்குத் தெரியும். இவ எழுந்து நின்னா, ஒக்காரல. எனக்கு அதப் பாக்க முடியல ஆண்டவரே. இவள ஒக்கார வையும், ஒக்கார வையும்னு எத்தனையோ நாள் ஒம்மட்ட கேட்டுருக்கேன். அந்த ஜெபத்தையெல்லாம் இன்னைக்குத் திருப்பி எடுத்துக்கிடுதேன். அதக் கேக்காதேயும்.”

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நான் திறந்தேன். மருத மரத்தை ஒரு கையால் பிடித்தபடி, முக்காடு நழுவி, கண்ணை இறுக்க மூடி நின்றிருந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவும் இல்லை.

“இந்தக் கஞ்சியை ஆசீர்வதியும்” என்று முடித்தாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் சொன்னது ஜெபராஜ்தான், கிரீஸ் கையைக் கூப்பிக்கொண்டு. வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

மூடிகளில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

“ஏன் டீச்சர்” என்றார் ரூபி அக்கா, கடைசியில். “அப்ப நான் வெள்ளிக்கிழம தோறும் பட்டினி கெடந்தது?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வீண் போகாதுட்டி ரூபி. ஒன் ஒடம்புக்கு நல்லதுதான்.”

முதலில் சிரித்தது ஐயரம்மா. அப்புறம் அடக்க முடியவில்லை. ரூபி அக்கா முறைத்துப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்து, கஞ்சி புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. எல்லாரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் குடித்தார். அவர் என் அம்மாவிடம் பேச ரொம்ப நாளாயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மீதி அரிசியை ஐயரம்மா வேனில் ஏற்றிக்கொண்டார். அது போக வேண்டிய வீடு ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா அருவிக்குப் போகவில்லை. “சாயங்காலம் திரும்பி வரும்போது கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லி இருந்துவிட்டாள். எங்கள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். உள்ளே ஏறினாள். கட்டிலை மடக்கிப் பார்த்தாள், விரித்துப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“எங்கருந்துட்டி பழ வாசன வருது?”

சொன்னேன். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

இதை நான் பார்க்கவில்லை. ரூபி அக்கா போனில் சொன்னது.

ஆராதனையில் ஐயர், அதாவது போதகர், வழக்கம்போல ஜெப விண்ணப்பங்களை வாசித்திருக்கிறார். சங்கத்துப் பெண்கள் யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஐயரம்மாகூடச் சொல்லவில்லை. டீச்சர் ஆற்றங்கரையில் சொன்னது ஆற்றோடு போகட்டும் என்று அவர்களாகவே பேசி வைத்திருக்கிறார்கள். எங்கள் பெயர் வந்திருக்கிறது.

“ஒங்கம்மை எழுந்திரிச்சுட்டாவட்டி” என்றார் ரூபி அக்கா. “கோயில் நெறஞ்ச கூட்டம். நான் பக்கத்துல இருந்து சேலையப் பிடிச்சு இழுக்கேன், ‘டீச்சர், ஒக்காருங்க, சும்மா இருங்க’ங்கேன். கைய வெடுக்குனு தட்டிவிட்டுட்டாவ. ‘ஐயரே, எம்மக பேர எடுத்துருங்க. அவ நல்லா இருக்கா. நான் சொன்னதுதான் பொய்’னு சொல்லிட்டு அப்படியே நிக்காவ.”

“பெறவு?”

“பெறவு என்ன? ஒக்காருவாவன்னு பாத்தா ஒக்காரவே இல்ல. ஐயருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கூட்டம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாக்கு. கடைசில ஐயர் பாட்டுப் புஸ்தகத்தைத் தொறந்து, ஏதோ ஒரு பாட்டு நம்பரச் சொல்லிட்டாரு.”

“எதுக்கு?”

“பாட்டுன்னா எழுந்துதானட்டி நிக்கணும்? ஒங்கம்மைகூடச் சேந்து எல்லாரும் எழுந்து நின்னோம்.”